பின்னறைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்போது?

(மானிப்பாயில் பெற்றோரும் ஆசிரியரும் உழவரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்ததை இங்குள்ள மூத்தோர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நனைந்தபடி அடியடியாக நகர்ந்தோம். அந்தச் சனத்திரளின் நடுவே எம்முடைய ஒழுங்கையைச் சேர்ந்த ஒரு தகப்பனார், துவிச்சக்கர வண்டியில் ஒரு பையனை இருத்தி, விழாதபடி பழஞ்சேலையொன்றால் இருக்கையோடு கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். வட்டமுகம், மேனோக்கிச் சாய்ந்த கண்கள். அவ்வளவு அவலத்திலும் அவன் சனத்தைக் கண்டு கைதட்டிச் சிரித்தான். எம்முடைய வேலிக்கு அப்பாலுள்ள வீட்டில் அப்படியொரு பிள்ளை பன்னிரண்டாண்டாக வாழ்ந்துவந்தான் என்பதை, ஒரு யுத்தம் வந்து அவ்வீட்டுக் கதவைத் திறந்த பின்னரே நாம் அறிந்தோம்.

கதை அத்தோடு முடியவில்லை. தென்மராட்சியிலே ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஆறு மாதம் அகதிகளாகத் தங்கியிருந்தோம். அங்கே பின்னறை என்று ஒன்றில்லை. அவனும் மற்றைப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் திரிந்தான். பேச்சே வராதென்று வீட்டார் கைவிட்ட அவன், அந்த ஆறு மாதத்தில் பதினைந்து இருபது சொற்களைப் பேசப் பழகினான். சோற்றுக்கு வரிசையில் நிற்கவும் தன் கோப்பையைத் தானே கழுவவும் பழகினான். 1996 சித்திரையில் மானிப்பாய்க்குத் திரும்பினோம். கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. இரண்டொரு ஆண்டிற்குள் அந்தச் சொற்களும் அவனை விட்டுப் போயின.

அந்தக் கதவைச் சாத்தியவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் ஏன் சாத்தினார்கள் என்பதையும், இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அது சாத்தப்படாதிருக்க யாது செய்யவேண்டும் என்பதையும் பேசவே நாம் இங்கு வந்துள்ளோம்.

அப்பிள்ளைக்கு உற்றது டவுன் சின்றோம் என்னும் பிறவி நிலை. எம்மூரார் அவனுக்கு வழங்கிய பெயர் 'மொக்கு'. மேனாட்டார் வழங்கிய பெயரும் இதனிற் சிறந்ததன்று. 1866இல் யோன் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில வைத்தியர் இந்நிலையைத் தெளிவுற விவரித்தார்; விவரித்தவர், முகச்சாயல் ஒன்றையே கண்டு மொங்கோலிய மக்களின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார். நூறாண்டு கழித்து, மொங்கோலிய நாடு முறையிட்டதன்மேல், 1965இல் உலக சுகாதார நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது. 'மொக்கு' என்னும் சொல்லுக்கு எதிராக முறையிட இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாடும் இல்லை, தூதுவரும் இல்லை. ஆதலால் நாம் முறையிடுகின்றோம்.

இந்நிலையின் காரணம் 1959இற் பாரிசு நகரில் வெளியாயிற்று. லெஜேன், கோத்தியே, துர்ப்பின் என்னும் மூவர் சேர்ந்து அதனை வெளியிட்டனர். மனித உடலின் ஒவ்வொரு கலத்திலும் 46 நிறமூர்த்தங்கள் உண்டு. இப்பிள்ளைகளின் கலங்களிலோ 47 காணப்பட்டன. இருபத்தோராவது சோடியில் இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. தாயின் முட்டையோ தந்தையின் விந்தணுவோ உருவாகும் வேளையில் பங்கீடு தவறுவதால் நேர்வது இது. கிரகணத்தில் வெளியே வந்ததால் நேர்வதன்று. முன்னோர் சாபத்தால் நேர்வதன்று. கர்ப்பிணி எதனையோ உண்டதால் நேர்வதுமன்று. தாயின் வயது 35ஐக் கடந்தால் இதற்குரிய வாய்ப்பு உயருகின்றது என்பது மெய்யே. ஆயினும் இளந்தாய்மாரே மிகுதியாகப் பிள்ளை பெறுவதால், இப்பிள்ளைகளிற் பெரும்பாலார் இளந்தாய்மாருக்கே பிறக்கின்றனர். எல்லா நாடுகளிலும், எல்லா இனங்களிலும், ஏறக்குறைய 700 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒன்றாக இது நிகழ்கின்றது.

இந்த விஞ்ஞானச் செய்தியை நாம் ஏன் இவ்வளவு விரித்துரைக்கின்றோம்? கதவு சாத்தப்படுவதற்கான காரணம் இங்கேதான் இருக்கின்றது. யாழ்ப்பாணத்திலே ஒரு பிள்ளையை மறைப்பவர் பெரும்பாலும் இன்னொரு பிள்ளைக்காகவே மறைக்கின்றார். மூத்தவளுக்குப் பேச்சுக்கால் நடக்கும்போது தம்பியின் நிலை வெளிப்பட்டால், 'பரம்பரையில் உள்ளது' என்று சம்பந்தம் குழம்பிவிடும் என்பதே அச்சம். உண்மை என்ன? இந்நிலையுடைய 100 பேரில் ஏறத்தாழ 95 பேருக்கு இது பரம்பரையால் வந்ததன்று. அந்தத் தமக்கைக்குப் பிறக்கும் பிள்ளைக்கு ஊரில் வேறெவருக்கும் இல்லாத ஆபத்து எதுவும் இல்லை. மூன்று நான்கு பேரிடத்தில் மாத்திரம், மிகையான நிறமூர்த்தம் வேறொன்றோடு ஒட்டியிருக்கும். அவர்களுள்ளும் ஒரு பகுதியினருக்கே அது பெற்றோர் வழியாக வந்திருக்கும். பிள்ளை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஒரு குருதிப் பரிசோதனை சொல்லிவிடும். சாதகப் பொருத்தம் பார்க்கச் சோதிடரிடம் மூன்று முறை நடப்பவர்கள் இந்தப் பரிசோதனைக்கு ஒரு முறை வைத்தியரிடம் நடக்கலாகாதா? பெண் பார்க்க வரும் வீட்டாருக்கும் இதனைச் சொல்கின்றோம். இங்கே அமர்ந்திருப்பவர்களுள் அவர்களும் இருக்கலாம்.

இப்பிள்ளைகள் நெடுநாள் வாழார் என்னும் எண்ணமும் ஊரில் உண்டு. ஒரு காலத்தில் அஃது உண்மையாகவே இருந்தது. அமெரிக்காவில் 1983இல் இவர்கள் இறக்கும் வயதின் நடுவெல்லை 25ஆக இருந்தது. 1997இல் அது 49ஆயிற்று. இன்று நல்ல வைத்திய வசதியுள்ள நாடுகளில் அறுபதை எட்டுகின்றார்கள். இம்மாற்றத்திற்கு முதற்காரணம் இருதய சத்திரசிகிச்சை. இக்குழந்தைகளிற் பாதிப் பேருக்கு இருதயத்திற் பிறவிக் குறை உண்டு. பெரிய துவாரமாயின் முதலாண்டிற்குள்ளேயே அதற்குப் பரிகாரம் தேடவேண்டும். தாமதித்தால் சுவாசப்பை கெட்டு, பின்னர் சத்திரசிகிச்சையே செய்யவியலாத நிலை வந்துவிடும். ஆகவே, பிள்ளை பாலைக் குடித்துக்கொண்டு சுகமாகத்தானே இருக்கின்றது என்று எவரும் வாளாவிருத்தலாகாது. பிறந்த சில வாரங்களுக்குள் இருதயத்தைப் பரிசோதித்து, வேண்டுமாயிற் கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். தைரொயிட்டுச் சுரப்பியையும் செவியையும் ஆண்டுதோறும் பார்க்கவேண்டும். 'கூப்பிட்டால் திரும்பான், மந்தம்' என்று சொல்லப்படும் பிள்ளைகளிற் பலருக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் கட்டியிருக்கும். மந்தம் என்று நாம் சொல்வது சில வேளை வெறும் செவிட்டுத்தன்மையே.

இனிக் கல்விக்கு வருவோம்.

மானிப்பாயில் நின்றுகொண்டு கல்வியையும் வைத்தியத்தையும் பேசுபவன் டாக்டர் கிறீனை நினையாதிருத்தல் இயலாது. அமெரிக்க நாட்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்தவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1848 முதல் இவ்வூரில் வைத்தியம் செய்யத் தொடங்கினார். அவருடைய பெயராலேயே இங்குள்ள வைத்தியசாலை வழங்கிவருகின்றது. ஆங்கிலத்தில் வைத்தியம் கற்பித்துப் பார்த்த அவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். நாலாயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட மேனாட்டு வைத்திய நூல்கள் அவராலும் அவருடைய மாணவராலும் தமிழாக்கம் பெற்றன. உடற்கூற்றிற்கும் இரணவைத்தியத்திற்கும் தமிழில் சொல் இல்லையே என்று அவர் கைகட்டி இருந்தாரில்லை, சொல்லை ஆக்கினார்.

அதே 1848ஆம் ஆண்டில், அவர் விட்டு வந்த அதே மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகரில், சாமுவேல் கிறிட்லி ஹவ் என்னும் வைத்தியர் அரசாங்கப் பணத்தைப் பெற்று, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். இவர்கள் கற்பார்களா என்ற வினாவிற்கு அங்கே அன்றே விடை கிடைத்தது. அந்த மாநிலத்திலிருந்து வைத்தியம் மானிப்பாய்க்கு வந்தது. இந்தக் கல்வி வரவில்லை. கைதடியில் செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்காக நவீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்று ஆறு. திருமுருகன் அவர்கள் கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலையை நிறுவியது 2004இல். அதனை நிறுவியவர்களை வணங்குகின்றோம். ஆயினும் ஒரு பாடசாலை ஒரு குடாநாட்டின் கடனைத் தீர்க்கமாட்டாது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. எம்முள் ஒரு தாய் தம் நான்கு வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மொண்டிசோறிப் பள்ளிக்குச் சென்றார். எந்த ஊரென்று சொல்லவேண்டியதில்லை. 'மற்றப் பெற்றோர் விரும்பமாட்டார்கள்' என்று வாசலிலேயே திருப்பியனுப்பிவிட்டார்கள். மொண்டிசோறி அம்மையார் யார்? 1900ஆம் ஆண்டளவில் உரோமாபுரியில், புத்தி மந்தமென்று தள்ளப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்தே அவர் தம் முறையைக் கண்டறிந்தார். தொட்டுப் பார்க்கும் எழுத்து, கோத்துப் பழகும் மணி, பொருத்திப் பார்க்கும் கட்டை யாவும் முதலில் அந்தப் பிள்ளைகளின் கையில் இருந்தவையே. அவர்களிற் சிலர் மற்றைப் பிள்ளைகளுக்கு ஒப்ப எழுத்துப் பரீட்சையிற் சித்தியெய்தியதைக் கண்ட பின்னரே, இம்முறையை எல்லாப் பிள்ளைகளுக்கும் கையாண்டால் என்ன என்று அவர் எண்ணினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் ஆசிரியர்களைப் பயிற்றியவரும் அவரே. எந்தப் பிள்ளைகளால் அந்தப் பெயர் உலகில் விளங்கிற்றோ, அந்தப் பிள்ளைகளை அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நின்று திருப்பியனுப்புகின்றோம்!

பிள்ளையின் கல்வி நான்கு வயதில் தொடங்குவதுமன்று. புகையிலைக் கன்றைத் தோட்டத்தில் நட்ட பிறகு மேடையில் விட்ட பிழையைத் திருத்தமுடியாதென்பது உழவர்களாகிய உங்களுக்குத் தெரியும். இக்குழந்தையின் தசைகள் தளர்ந்தவை. மற்றைப் பிள்ளை ஓராண்டில் நடந்தால், இது இரண்டாண்டில் நடக்கலாம். மூன்றோ நான்கோ ஆகலாம். முதல் வாரங்களிலிருந்தே குப்புறப் படுக்கவைத்துத் தலையைத் தூக்கப் பழக்குதல், இருத்திப் பழக்குதல், இரு கையாலும் பொருளைப் பற்றப் பழக்குதல் ஆகியவற்றை இயன்மருத்துவரிடம் கேட்டு வீட்டிலே நாள்தோறும் செய்யலாம். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் குழந்தையை மறைக்காதீர்கள். முதல் வழியைக் காட்டக்கூடியவர் அவரே.

பேச்சு இதனிலும் தாமதிக்கும். பேச்சு வராத காலத்திலும் பிள்ளைக்கு விளக்கம் உண்டு. சொல்வதிலும் மிகுதியாக அது அறிந்திருக்கும். ஆகவே சொல்லோடு சைகையையும் காட்டவேண்டும். சைகை பழகினால் பேசவராது என்று பாட்டிமார் சொல்வர். அது தவறு. 'தா' என்று கை நீட்டவும் 'போதும்' என்று கை அசைக்கவும் பழகிய பிள்ளை அழுது அடம்பிடிப்பது குறையும். சொல்லும் பின்னர் எளிதாக வரும்.

வாசிப்பைப் பற்றிச் சற்று விரித்துரைக்கவேண்டும். காதால் கேட்டு நினைவில் நிறுத்துதல் இப்பிள்ளைகளுக்கு அரிது. கண்ணாற் கண்டு நிறுத்துதல் எளிது. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் நகரத்து உளவியலாளர் சூ பக்லி என்பவருக்கு 1980ஐ ஒட்டி ஒரு தகப்பனார் கடிதம் எழுதினார். டவுன் சின்றோம் உள்ள தம் மகளுக்கு மூன்று வயது முதல் சொல்லட்டைகளைக் காட்டி வாசிக்கப் பழக்கியதாகவும், வாசிப்பின் வழியே அவளுடைய பேச்சு வளர்ந்ததாகவும் அக்கடிதம் கூறிற்று. அதிலிருந்து எழுந்த ஆய்வுகள், இப்பிள்ளைகளுக்கு வாசிப்பே பேச்சிற்குப் பாதையாகலாம் என்று காட்டின. எம்மூரில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. விசயதசமியில் ஏடு தொடக்கியதும், 'ஆனா, ஆவன்னா' என்று 247 எழுத்தையும் வாயால் ஒப்புவிக்கச் சொல்கின்றோம். எது அப்பிள்ளைக்கு இல்லையோ அதனைக் கேட்டு, இல்லையென்றதும் படிப்பு ஏறாது என்று தீர்ப்புக் கூறுகின்றோம். எழுத்தை ஒப்புவிக்கு முன்னரே முழுச் சொல்லை அட்டையில் எழுதி, படத்தோடும் பொருளோடும் பொருத்தப் பழக்குங்கள். அம்மா, அப்பா, ஆடு, பால், பந்து. சொல் ஐம்பது சேர்ந்த பின்னர் எழுத்தைப் பிரித்துக் காட்டலாம்.

அட்டையில் எந்தத் தமிழை எழுதுவது? வீட்டிலே 'தேத்தண்ணி' என்று கேட்கும் பிள்ளை அட்டையில் 'தேநீர்' என்று கண்டால், அதற்கு ஒரு சொல்லன்று, இரண்டு சொல் பாரமாகின்றன. ஆகவே முதலில் 'தேத்தண்ணி' என்றே எழுதவேண்டும் என்பது எமது கருத்து. ஆசிரியர்கள் சிலர் முகஞ் சுளிப்பதைக் காண்கின்றோம். எத்தனையோ படையெடுப்புக்களைத் தாண்டி வந்த தமிழ், ஒரு குழந்தையின் தேத்தண்ணியால் அழிந்துவிடாது. ஆங்கிலத்தில் இப்பிள்ளைகளுக்கான படப்புத்தகமும் பேச்சுப் பயிற்சி நூலும் குவிந்து கிடக்கின்றன. தமிழில், அதிலும் யாழ்ப்பாணத்து வீட்டுத் தமிழில், கையளவும் இல்லை. சென்னையிலே சுரேகா இராமச்சந்திரன் என்னும் தாயார், இந்நிலையோடு பிறந்த தம் மகளுக்காகத் தொடங்கிய முயற்சி, 1980களிலிருந்து வளர்ந்து இந்தியா முழுவதற்குமான சங்கமாகியிருக்கின்றது. ஒரு தாய் தொடங்கியதை ஓர் ஊர் தொடங்க இயலாதா? அதுவும் வைத்தியத்தையே தமிழாக்கிய ஊர்!

அரசினர் பாடசாலையைப் பற்றி நாம் யாசகமாகப் பேசவில்லை, உரிமையாகவே பேசுகின்றோம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனம் காரணமாக எந்தக் கல்வி நிலையமும் எவரையும் சேர்க்க மறுத்தலாகாது என்கின்றது. மறுக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அங்கவீனருடைய உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. சட்டம் இவ்வாறிருக்க, நடப்பு எவ்வாறிருக்கின்றது? சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகு உண்டு. அது பெரும்பாலும் வளவின் கோடியில், மலசலகூடத்திற்கு அண்மையில் இருக்கும். ஆசிரியர் ஒருவர் விடுமுறையில் நின்றால் அந்த அறை பூட்டப்படும். இடைவேளையில் மற்றைப் பிள்ளைகளோடு விளையாடவும் விடுவதில்லை. புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை பேர் சித்தியெய்தினர் என்று வாசலிற் பதாகை கட்டும் எமது சமூகம், இந்த அறையில் எத்தனை பிள்ளைகள் தம் பெயரை எழுதப் பழகினர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அலகு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மொழிக்கும் கணக்கிற்கும் பிள்ளை அங்கே இருக்கட்டும். பாட்டிற்கும் சித்திரத்திற்கும் விளையாட்டிற்கும் தன் வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் இருக்கட்டும். அந்த ஆறு மாத அகதி முகாமில் எம்முடைய பையனுக்குப் பேசக் கற்பித்தவர் ஆசிரியர் அல்லர்; அவன் வயதுப் பிள்ளைகளே.

பட்டம் பெற்றவர்களும் உண்டு. இசுபானிய நாட்டில் பப்லோ பினேடா என்பவர் இந்நிலையோடு பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். ஆனால் அவரைக் காட்டி ஒவ்வொரு தாயையும் ஏங்கவைக்க நாம் விரும்பவில்லை. பெரும்பாலார்க்கு வேண்டியது, தானே உடுத்தல், காசை எண்ணுதல், பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசித்தல், ஒரு தொழில். தொழிலுக்கு இங்கே பஞ்சமில்லை. வெங்காயத்தைத் தரம் பிரித்துக் கட்டுதல், பத்துப் பத்தாக எண்ணுதல், ஆட்டுக்குக் குழை போடுதல், கன்றுக்கு நீர் விடுதல், பன்னவேலை முதலியன படிப்படியாகச் செய்து காட்டினாற் கற்கக்கூடியவை. ஒழுங்கு மாறாமற் செய்வதில் இவர்கள் மற்றவரினும் கவனமுள்ளவர்கள். உழவர்களிடம் இரண்டு வேண்டுகோள். இவர்களிற் சிலருக்குக் கழுத்தெலும்பின் மூட்டு தளர்ந்திருக்கும். வைத்தியர் பார்க்கும்வரை தலையிற் பாரம் ஏற்றாதீர்கள். மற்றது, வேலை செய்தால் கூலி கொடுங்கள். சாப்பாடு போடுகின்றோமே என்பது கூலியாகாது.

கடைசியாக, பெற்றோர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை நாம் சொல்லிவிடுகின்றோம். எமக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்? இளையவர்கள் தொரன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்றார்கள். வீடு மகளுக்குச் சீதனமாகப் போயிற்று. தோட்டக்காணி மகனுக்குப் போயிற்று. பங்கீட்டில் இப்பிள்ளை மாத்திரம் எண்ணப்படவில்லை. முன்னர் இவர்கள் பெற்றோருக்கு முந்தி இறந்தனர். இனிப் பெற்றோருக்குப் பிந்தியும் இருபது ஆண்டு வாழ்வார்கள். நாற்பதைக் கடந்தபின் மறதிநோய் மற்றவரினும் முந்தி வருவதும் உண்டு. ஆதலின் மரணசாசனம் எழுதும்போது இப்பிள்ளைக்கும் ஒரு பங்கு எழுதுங்கள். அதனைப் பராமரிப்பவர் யார் என்பதையும் பெயர் குறித்து எழுதுங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம், கோயில் திருவிழாவிற்கு அனுப்பும் பணத்தில் ஒரு கூறைத் தம்பியின் பெயரில் வங்கியில் இடச் சொல்லுங்கள். பெற்றோர் காலத்தின் பின் இவர்கள் சேர்ந்து வாழ ஓர் இல்லம் வேண்டும் என்பதைப் பிரதேச சபையிடமும் மாகாண சபையிடமும், வாக்குக் கேட்டு வருவோரிடமும் விடாது கேட்கவேண்டும். வீதிக்குத் தார் கேட்கின்றோம், வாய்க்காலுக்கு மதகு கேட்கின்றோம். இதனையும் அவற்றோடு சேர்த்துக் கேட்போம்.

எமது ஒழுங்கையில் வாழ்ந்த அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது கடந்துவிட்டது. தகப்பனார் இறந்துவிட்டார். சென்ற ஆண்டு தாயார் கதவைத் திறந்து எம்மை உள்ளே விட்டார். வாரத்தில் இரண்டு நாள் அட்டைகளோடு போகின்றோம். இதுவரை ஒன்பது சொற்கள் படித்திருக்கின்றார். முதற்சொல் 'சைக்கிள்'.

கூட்டம் முடிந்தபின் வாசல் மேசையில் அந்த அட்டைகளின் பிரதிகள் இருக்கும். இலவசமாக எடுத்துச் செல்லலாம். வீட்டில் இத்தகைய குழந்தை உள்ளவர்கள் பெயரைத் தரவேண்டியதில்லை. குழந்தையின் வயதை மாத்திரம் சொன்னாற் போதும், அதற்கேற்ற அட்டைகளைத் தருவோம். ஒரு வயதிற்கு உட்பட்ட குழந்தையாயின் இருதயப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்போம்; இல்லையென்றால் உங்களோடு வைத்தியசாலைக்கு வர எம்முள் இருவர் நாளைக் காலை ஆயத்தமாக நிற்பார்கள்.